பிரிண்ட்மேக்கிங்ல எம்.எஃப்.ஏ. பண்ணலாமா? சென்னையா, பரோடாவா, சாந்திநிகேதனா?

ரோலர்க்காரி

வணக்கம். பி.எஃப்.ஏ. பிரிண்ட்மேக்கிங் (அச்சு ஓவியம்) கடைசி வருஷம், தமிழ்நாட்டுல ஒரு கவின்கலைக் கல்லூரி, எதுன்னு வேணாம். சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். அப்பா மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்காங்க, சின்னதுலேர்ந்து அந்த வார்னிஷ் வாசனையிலயே வளர்ந்ததால என் வேலை எல்லாமே கம்பி கம்பியா ஓடுற கோடுதான், ஜிங்க் பிளேட்ல எட்சிங் (தகட்டுல கோடு கீறி, ஆசிட்ல அரிச்சு, இங்க் தடவி பேப்பர்ல அச்செடுக்கறது), கொஞ்சம் அக்வாடின்ட் (அதே மாதிரி ஆசிட் வச்சு நிழல் டோன் கொண்டு வர்றது).

மேல எம்.எஃப்.ஏ. (கவின்கலை மாஸ்டர்ஸ்) படிக்கணும்னு ஆசை. வீட்ல ஒரே சண்டை. அம்மா "டிராயிங் லோயர் ஹையர் பரீட்சைதான் பாஸ் பண்ணிருக்கியே, டி.டி.சி. டீச்சர் டிரெயினிங் முடிச்சிட்டு டிராயிங் டீச்சரா போயிடு, இன்னும் ரெண்டு வருஷம் இங்க் தடவி என்ன ஆகப்போகுது"ன்னு கேக்குறாங்க. அப்பா வாயே திறக்க மாட்டேங்குறாங்க, அது இன்னும் பயமா இருக்கு. மாமா ஒருத்தர் சிங்கப்பூர்ல இருக்காரு, அவரு வேற அங்க வந்து படின்னு சொல்லிட்டே இருக்காரு, ஃபீஸ் யாரு கட்டுறதுன்னு மட்டும் சொல்ல மாட்டாரு.

கேள்வி இதுதான். எம்.எஃப்.ஏ. உண்மையிலயே யூஸ் ஆகுமா? ஆகும்னா எங்க போறது? சென்னைன்னா வீட்ல ஒத்துப்பாங்க, பரோடா சாந்திநிகேதன்னா பெரிய யுத்தம். படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், கூகுள்ல எல்லாம் "டாப் 10 காலேஜ்" லிஸ்ட்டுதான் வருது.

பெரியமேடு_பஸ்

தங்கச்சி, நான் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிலதான் பி.எஃப்.ஏ. படிச்சேன், மாஸ்டர்ஸ் வெளில, இப்ப ஒரு பிரைவேட் காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா ஓடிட்டிருக்கேன். அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

முதல்ல டீச்சர் வேலை கணக்கு. டி.டி.சி. முடிச்சா உடனே கவர்மென்ட் வேலைன்னு வீட்ல நினைச்சிட்டிருந்தா அதை கொஞ்சம் விளக்கிச் சொல்லு. 2012ல ஓவியம், தையல், உடற்கல்விக்கெல்லாம் பகுதி நேர ஆசிரியர்களை மாசம் 5000 ரூபாய்க்கு எடுத்தாங்களே, அவங்க அதுக்கப்புறம் எத்தனை வருஷம் நிரந்தரம் கேட்டு ரோட்ல உக்காந்தாங்கன்னு பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். டி.டி.சி.யை தப்புன்னு சொல்லல, கைல இருந்தா நல்லதுதான், ஆனா அது ஒண்ணும் அம்மா நினைக்கிற மாதிரி கேரண்டி கார்டு இல்ல.

எம்.எஃப்.ஏ.க்கு வர்றேன். ரெண்டு வருஷம். முடிச்சா பேப்பர்ல என்ன கிடைக்கும்னா, 55 சதவீதம் இருந்தா காலேஜ் வாத்தியார் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு யூஜிசி நெட் எழுதலாம், பாடத்தோட பேரு விஷுவல் ஆர்ட், அதுல பிரிண்ட்மேக்கிங் ஒரு எலெக்டிவ். ரெண்டு பேப்பரும் சேர்த்து 150 கேள்வி, மூணு மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. பாஸ் பண்ணா அசிஸ்டென்ட் புரொபசருக்கு தகுதி, கூடவே ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி ஃபெலோஷிப்) கிடைச்சு பிஎச்.டி. சேர்ந்தா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிரிண்ட் வித்து மாசாமாசம் அவ்வளவு சம்பாதிக்கிற ஆளு எனக்கு தெரிஞ்சு ரொம்ப கம்மி. நடுவுல சில வருஷம் யூனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்ல சேரவே பிஎச்.டி. கட்டாயம்னு ஒரு பேச்சு ஓடுச்சு, 2023ல யூஜிசியே அதை விட்டுட்டு நெட், செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும்னு திரும்பிடுச்சு. அதனால வேலைன்னு பார்த்தாலும் எம்.எஃப்.ஏ. வேஸ்ட் இல்ல.

ஆனா நான் சொல்ல வர்றது வேற. சர்டிபிகேட்டுக்காக மட்டும்னா எங்க படிச்சாலும் ஒண்ணுதான். பிரிண்ட்மேக்கிங்குக்கு நீ நிஜமா வாங்குறது ரெண்டு வருஷத்துக்கு ஒரு பிரஸ்ஸு, ஆசிட் ரூமு, உன் வேலைய மூஞ்சிக்கு நேரா விமர்சனம் பண்ற பத்து பேரு. பெயின்டர்னா வீட்டு மாடில ஒரு ஈசல் போட்டு காலத்த ஓட்டிடலாம், நமக்கு எட்சிங் பிரஸ் இல்லன்னா கையே இல்லாத மாதிரி. காலேஜ்லேர்ந்து வெளில வந்த மறுமாசமே அது புரியும். அதனால எந்த ஊருக்கு அப்ளை பண்றியோ அங்க நேர்ல போய் ஸ்டுடியோவ பாரு. பிரஸ் எத்தனை இருக்கு, ஃபெல்ட் (பிரஸ்ல பேப்பர் மேல போடற கம்பளி) நல்லா இருக்கா, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் திறந்து விடுவாங்க, லித்தோ (கல் அச்சு) கல்லு யூஸ்ல இருக்கா இல்ல மூலைல ஸ்டூல் மாதிரி கிடக்கான்னு பாரு. ப்ராஸ்பெக்டஸ்ல இதெல்லாம் வராது, அங்க படிக்கிற பசங்கள கேட்டா டீக்கடைலயே கொட்டிடுவாங்க.

சென்னை ஒண்ணும் குறைஞ்ச இடம் இல்ல. 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச ஸ்கூல் அது, இந்தியாவோட பழமையான ஆர்ட் ஸ்கூல்னே சொல்லலாம், ராய் சௌத்ரி, பணிக்கர்னு பிரின்சிபாலா இருந்தவங்க பேரே ஒரு வரலாறு. ஆனா நாலு வருஷம் தமிழ்நாட்டுலயே படிச்சிட்டு திரும்ப அதே மாதிரி சிலபஸ், அதே முகங்கள்னா கண்ணு பழகிப் போயிடும். என் ஓட்டு வெளில. சண்டை போட்டாவது.

போல்பூர்_பாசஞ்சர்

மேல இருக்கற அண்ணன் சொன்னத அப்படியே வழிமொழியறேன். நான் சாந்திநிகேதன் கலாபவனால மாஸ்டர்ஸ் பண்ணேன், அதுவும் கிராஃபிக்ஸ்தான் (அங்க பல பேர் இன்னும் பிரிண்ட்மேக்கிங்க கிராஃபிக்ஸ்னுதான் சொல்லுவாங்க, வீட்ல ஃபோன்ல சொல்லிடாத, கம்ப்யூட்டர் கோர்ஸ்னு நினைச்சு சந்தோஷப்பட்டுடுவாங்க).

1919ல தாகூர் ஆரம்பிச்சது, நந்தலால் போஸ், பினோத் பிஹாரி, ராம்கிங்கர் எல்லாரும் இருந்த இடம்ங்கறது உனக்கே தெரிஞ்சிருக்கும். ராம்கிங்கரோட சிமென்ட் சிற்பத்துக்கு பக்கத்துல உக்காந்துதான் பசங்க டீ குடிக்கும். நம்ம டிபார்ட்மென்டுக்கு முக்கியமானவரு சோம்நாத் ஹோர். வெள்ளைத் தாள் கூழ்ல வெள்ளையாவே, காயம் பட்ட தோல் மாதிரி அவரு பண்ண பிரிண்ட்ஸ புக்ல பாத்தா ஒண்ணுமே தெரியாது, வெறும் வெள்ளைப் பேப்பர்னு தோணும், நேர்ல சைடுலேர்ந்து வெளிச்சம் விழும்போது பாத்தா வயித்த என்னமோ பண்ணும். இன்னொருத்தர் கிருஷ்ணா ரெட்டி, அவரு அங்கதான் படிச்சாரு. நம்ம சித்தூர் பக்கத்துக்காரரு, மெட்ராஸ்ல கலாக்ஷேத்ராவுல கொஞ்ச காலம் ஓவியம் சொல்லிக் கொடுத்துட்டு அப்பறம் லண்டன் பாரிஸ்னு போய் ஒரே பிளேட்ல பல கலர இங்கோட பிசுபிசுப்ப வச்சே பிரிக்கிற விஸ்காசிட்டி முறையில உலகத்துக்கே பேர் வாங்கினாரு. கம்பி கம்பியா கோடு போடறேன்னு சொல்றியே, அவரோட பிளேட்ட (பிரிண்ட இல்ல, பிளேட்ட) எங்கயாவது பாக்க முடிஞ்சா பாரு, சிற்பம் மாதிரி செதுக்கியிருப்பாரு.

வாழ்க்கை எப்படின்னு கேட்டா, வெயில் காலத்துல பிரிண்ட் போடவே முடியாது, இங்க் பிளேட்லயே குழைஞ்சு ஓடும். சாப்பாட்டுல கடுகெண்ணெய் முதல்ல குமட்டும், அப்பறம் நம்ம ஊருக்கு வந்தா அது இல்லாம மீனே இறங்காது. பெங்காலி தெரியாம போனாலும் ஒரு செமஸ்டர்ல ஒட்டிக்கும். டிசம்பர் 1, 2 நந்தன் மேளா, நந்தலால் பிறந்தநாளுக்கு முன்னாடி ரெண்டு நாள். மொத்த டிபார்ட்மென்ட்டும் ஸ்டால் போட்டு பிரிண்ட், காலண்டர், செராமிக்னு விக்கும், வர்ற பணம் கஷ்டப்படற ஸ்டூடண்ட்ஸ்க்கு உதவுற ஃபண்டுக்கு போகும். உன் பிரிண்ட முகம் தெரியாத ஒருத்தர் பேரம் பேசி வாங்கிட்டு போறத முதல்ல அங்கதான் பாத்தேன், எந்த கிளாஸ்லயும் அத சொல்லித் தரல.

ஃபீஸ் பயப்படற அளவுக்கு இல்ல, சென்ட்ரல் யூனிவர்சிட்டி. செலவு மெட்டீரியல்லதான். ஜிங்க் ஷீட்டு, பேப்பர், இங்க் மூணும் சேர்ந்து ஹாஸ்டல் பில்ல தாண்டிடும். மத்திய கலாச்சார அமைச்சகத்துல 18லேர்ந்து 25 வயசு வரைக்கும் இளம் கலைஞர்களுக்கு மாசம் 5000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கு, நோட்டிபிகேஷன் வர்றப்ப விட்டுடாத.

சும்மா_ஒருத்தன்

எல்லாரும் ரொமான்டிக்கா பேசறீங்க. நானும் ஃபைன் ஆர்ட்ஸ்தான், பி.எஃப்.ஏ. முடிச்சு ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனில யூ.ஐ. டிசைனர், டிசைன் சாஃப்ட்வேர் ஃபிக்மா கத்துக்க மூணு நாலு மாசம் ஆச்சு அவ்ளோதான். என் பேட்ச்ல எம்.எஃப்.ஏ. போனவனுங்க இன்னும் குரூப் ஷோ இன்விடேஷன்தான் ஃபார்வேர்ட் பண்றானுங்க, வாடகைக்கு என்னைத்தான் கேக்கறானுங்க. அப்பா காயில் கட்டி படிக்க வச்சிருக்காரு, முதல்ல சம்பாதிங்க சிஸ்டர், கலை எங்கயும் ஓடிடாது. ஸ்டுடியோ வேணும்னா சண்டே சண்டே போய் பண்ணலாமே.

பெரியமேடு_பஸ்

சும்மா ப்ரோ, நீங்க சொல்ற பணக் கஷ்டம் நிஜம், அதை யாரும் மறுக்கல. ஆனா சண்டே கணக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். எட்சிங் பண்ணவங்களுக்கு தெரியும், பிளேட்ட பாலிஷ் போட்டு கிரவுண்ட் (ஆசிட் படாம காக்குற பூச்சு) பூசி காய வைக்கவே பாதி நாள் போயிடும், அப்பறம் ஊசில கீறி, ஆசிட்ல போட்டு, எடுத்து, சில இடத்த அடைச்சு, திரும்ப போட்டுன்னு ஒரே பிளேட் வாரக்கணக்குல இழுக்கும். ஜிங்க்க நைட்ரிக்ல போட்டா கோட்டு மேல குட்டி குட்டியா பப்பிள் வந்து உக்காரும், கோழி இறகால அத மெல்ல தள்ளிக்கிட்டே நிக்கணும், இல்லன்னா கோடு பல்லு பல்லா அரிச்சுடும். வாரம் ஆறு நாள் ஸ்கிரீன் பாத்துட்டு ஏழாவது நாள் வந்து அந்த பொறுமை வராது. வர்றவங்க இருக்கலாம், நான் பாத்ததில்ல.

ஆனா ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். இந்த வருஷம் சீட் கிடைக்கலன்னா சும்மா வீட்ல உக்காராம சென்னை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி ஸ்டுடியோல விசாரிச்சு பாரு தங்கச்சி. கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ இருக்கு, கொஞ்சமா கட்டணம் கட்டி வேலை பண்ணலாம். அங்க ரொம்ப காலம் பொறுப்புல இருந்த ஆர்.எம். பழனியப்பன் தேவகோட்டைக்காரரு, அவரே பெரிய பிரிண்ட்மேக்கர், அமெரிக்கால டாமரின்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு போய் லித்தோ பண்ணவரு. பாதி நாள் வேலை பாதி நாள் அங்கன்னு ஒரு வருஷம் ஓட்டிட்டு நல்ல போர்ட்ஃபோலியோவோட அடுத்த வருஷம் போனவங்க இருக்காங்க.

ரோலர்க்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சும்மா அண்ணா நீங்க சொன்னதுல எனக்கு கோவம் இல்ல, அதே வார்த்தைய அம்மா தினமும் சொல்றாங்க. இன்னும் ரெண்டு டவுட். ஒண்ணு, பரோடா பத்தி யாருமே சொல்லலயே, ஹைதராபாத்தும். ரெண்டு, போர்ட்ஃபோலியோல என்ன வைக்கணும், என்கிட்ட முப்பது நாப்பது பிரிண்ட் இருக்கு, எல்லாமே அனுப்பலாமா? சிங்கப்பூர் மாமாவுக்கு வேற பதில் சொல்லணும்.

ஒயிட்டிங்_பவுடர்

பரோடா நான். லேட்டா பார்த்தேன் த்ரெட்ட.

எம்.எஸ். யூனிவர்சிட்டி ஃபைன் ஆர்ட்ஸ், 1950ல ஆரம்பிச்சது, அங்க டிகிரி பேரு எம்.வி.ஏ., எம்.எஃப்.ஏ.ன்னு தேடினா வெப்சைட்ல சிக்காது. பரோடாவோட பலம் காலேஜ் காம்பவுண்டுக்குள்ள மட்டும் இல்ல, ஊர் முழுக்க ஆர்ட்டிஸ்ட்டுங்க. படிச்சு முடிச்சவங்க ஊருக்கு திரும்பாம அங்கயே ஷெட்டு எடுத்து தங்கிடறாங்க, அதனால சீனியர் ஸ்டுடியோவுக்கு போய் பேப்பர் நனைச்சு கொடுத்து பிரஸ் சுத்தி கொடுத்தே பாதி படிப்பு முடிஞ்சிடும். பிரிண்ட்மேக்கிங்குக்குன்னே 1999லேர்ந்து சாப்னு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு, ஓவியர் குலாம் முகமது ஷேக்கெல்லாம் சேர்ந்து ஆரம்பிச்சது, காலேஜ் முடிஞ்சாலும் பிரஸ் கிடைக்க வழி உண்டு. மேல அந்த அண்ணன் பயந்தாரே "பிரஸ் இல்லன்னா கை இல்ல"ன்னு, அந்த பயம் பரோடால கொஞ்சம் கம்மி. அதுதான் நான் பரோடாவ முதல்ல வைக்கிறதுக்கு காரணம், பெரிய பிரிண்ட்மேக்கர் ஜோதி பட் பாடம் நடத்தின காலேஜுங்கற பெருமை எல்லாம் அதுக்கப்பறம்தான்.

ஹைதராபாத் சென்ட்ரல் யூனிவர்சிட்டில சரோஜினி நாயுடு ஸ்கூல். லக்ஷ்மா கவுட் அங்க பாடம் நடத்தினவரு, அவரே பரோடால பிரிண்ட்மேக்கிங் படிச்சவரு. பேட்ச் சின்னது, கேம்பஸ் காடு மாதிரி பெருசு, உங்க ஊர்லேர்ந்து ட்ரெயின் ஈசி. வீட்டு யுத்தத்துக்கு நடுவுல ஒரு சமாதான உடன்படிக்கை வேணும்னா ஹைதராபாத்த முன்னாடி தள்ளு.

போர்ட்ஃபோலியோ. நாப்பதெல்லாம் வேணாம்மா. எத்தனைன்னு அவங்களே சொல்லியிருப்பாங்க, சொல்லலன்னா 15, மிஞ்சினா 20. அதுலயும் "எனக்கு வுட்கட்டும் தெரியும் லித்தோவும் தெரியும் ஸ்கிரீனும் தெரியும்"னு ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வச்சு கடை விரிக்கிறது பி.எஃப்.ஏ. சேரும்போது ஓகே, மாஸ்டர்ஸ்க்கு அது எடுபடாது. உன் காயில் வேலை மட்டும் ஒரு பத்து வரிசையா வை, ஒரே பிளேட்டோட மூணு ஸ்டேட் (வேலைக்கு நடுவுல நடுவுல எடுத்த பிரிண்ட்) இருந்தா அதையும் வை, எங்க ஆரம்பிச்சு எங்க போச்சுன்னு தெரியணும். ஸ்கெட்ச் புக்க கண்டிப்பா எடுத்துட்டு போ, அழுக்கா இருந்தா இன்னும் நல்லது. நான் பாத்த வரைக்கும் இன்டர்வியூல பிரிண்ட விட அத அதிக நேரம் புரட்டுவாங்க.

ஃபோட்டோ எடுக்கும்போது பிளேட் மார்க் (தகடு அழுந்தின ஓரத் தடம்) தெரியணும், பேப்பர் ஓரம் முழுசா வரணும், பிளேட் அளவுக்கு க்ராப் பண்ணிடாத. ஃபிளாஷ் வேணாம், ஜன்னல் வெளிச்சம் சைடுலேர்ந்து விழட்டும், அப்பதான் எம்பாஸ் தெரியும். கீழ பென்சில்ல எடிஷன் நம்பர் (மொத்தம் எத்தனை பிரிண்ட்ல இது எத்தனாவது) ஒழுங்கா போடு, 3/10ன்னு எழுதிட்டு நிஜத்துல ரெண்டுதான் போட்டிருந்தா கேக்கும்போது முழிக்கணும். ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்னா ஏ/பி.

ஸ்டேட்மென்ட்ல "சிறு வயது முதலே எனக்கு ஓவியத்தில் ஆர்வம்"னு ஆரம்பிக்காத, அன்னிக்கு அவங்க படிக்கிற நூறு பேப்பர்லயும் அதேதான் இருக்கும். நேரா அப்பா கடைலேர்ந்து ஆரம்பி. கேக்கப்போற கேள்வி ஒண்ணு இப்பவே சொல்லிடறேன், "இத ஏன் எட்சிங்ல பண்ற, பேனால வரைஞ்சா போதாதா?" இதுக்கு பதில் உனக்குள்ள இருக்கணும். என்னய கேட்டா அப்பா கடை செப்புக் கம்பி, அதனால செப்பு பிளேட்டுன்னு ஒரு சுலபமான பதில் வரும், அத சொல்லாத, உன்னய விட அவங்க அத முதல்ல யோசிச்சிருப்பாங்க, அதுவும் நீ பண்றது ஜிங்க்ல.

குளோபல்_டிக்கெட்

வெளிநாடு பத்தி நான் சொல்றேன், ஜெர்மனில இருக்கேன். சிங்கப்பூர்ல லாசால் காலேஜ்ல ஃபைன் ஆர்ட்ஸ் மாஸ்டர்ஸ் இருக்கு, 2024லேர்ந்து அதுவும் நான்யாங் அகாடமியும் சேர்ந்து யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ்னு ஆயிடுச்சு. பிரிண்ட்டுக்கு எஸ்.டி.பி.ஐ.ன்னு 2002லேர்ந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் கேலரி இருக்கு (கட்சி இல்லீங்க, டைலர் பிரிண்ட் இன்ஸ்டிடியூட்). ஆனா அங்க வேலை பண்ண அவங்களே கூப்பிட்ட ஆர்ட்டிஸ்ட்டுங்கதான் போவாங்க, மாமா வீட்டுலேர்ந்து பக்கம்ங்கறதால உள்ள விட மாட்டாங்க. லண்டன் ராயல் காலேஜ் மாதிரி இடத்துக்கு ஃபீஸ் மட்டுமே முப்பது லட்சத்த தாண்டிடும், லோன் போட்டு போறதுக்கு இது எம்.பி.ஏ. இல்ல.

ஜெர்மனில அரசு ஆர்ட் அகாடமி பெரும்பாலான இடத்துல ட்யூஷன் ஃபீஸ் இல்ல, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி ஐரோப்பிய யூனியனுக்கு வெளில இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. ஆனா விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்ல (மாசாமாசம் கொஞ்சம்தான் எடுக்க முடியற பேங்க் கணக்கு) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், ஜெர்மன் பேச வரணும். லைப்ஸிக்ல கிராஃபிக்கும் புத்தகக் கலையும் பேர்லயே இருக்கற காலேஜ் ஒண்ணு 1764லேர்ந்து இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு அது கோயில் மாதிரி. இப்ப வேணாம். இந்தியால மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு, இடைல ஜெர்மன் பி1 (இடைநிலை) லெவல் வரைக்கும் படிச்சிட்டு வா, வேலை முத்தினப்பறம் வந்தா புரொபசர்ஸே கிளாஸ்ல சேர்த்துப்பாங்க.

ரோலர்க்காரி

நேத்து இத எல்லாம் அப்பாகிட்ட படிச்சு காட்டினேன். ஜே.ஆர்.எஃப். 37,000ங்கற இடத்துல மட்டும் "திரும்ப படி"ன்னாங்க. அம்மா ஹைதராபாத்னா பரவால்ல, அங்க சித்தி பொண்ணு இருக்கான்னு இறங்கி வந்திருக்காங்க. பரோடா, கலாபவனா, ஹைதராபாத் மூணுக்கும் போடறேன், சென்னையும் சேர்த்து நாலு. டி.டி.சி.க்கும் அப்ளிகேஷன் போட சொல்லிருக்காங்க, போடறேன், அது வேற கதை.

ஒயிட்டிங் அண்ணா, கடைசியா ஒண்ணு, ஒரிஜினல் பிரிண்ட இன்டர்வியூவுக்கு டியூப்ல சுருட்டி எடுத்துட்டு போலாமா? எல்லாம் ஹெவி பேப்பர்.

ஒயிட்டிங்_பவுடர்

சுருட்டாத. கெட்டி பேப்பர் சுருண்டா டேபிள்ல விரிக்கவே முடியாது, நாலு மூலைக்கும் நாலு செல்ஃபோன் வைக்கணும். ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை, நடுவுல பட்டர் பேப்பர் வச்சு ஒவ்வொண்ணா அடுக்கி, வெளில பிளாஸ்டிக் ஷீட்டு சுத்தி டேப் போட்டு கைல பிடிச்சுக்கிட்டே போ. ட்ரெயின்ல அப்பர் பெர்த்துல படுக்க வச்சு நீ பக்கத்துல ஒண்டிக்கோ. நான் அப்படித்தான் போனேன். ட்ரெயின் எந்த நாள்னு சொல்லு, ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்பி வைக்கிறேன்.